கொள்ளுத்தாத்தாவின் கொலென்சோ துப்பாக்கி: குங்குமத்துக்கு அடியில் என்ன முத்திரை?

#1 கிளேர்வுட்பேரன் (டர்பன்)

வணக்கம் எல்லோருக்கும். எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய பட்டாளத்து ரைஃபிள் இருக்கிறது. லைசன்ஸ் மாமா பெயரில் இருந்தது. அவர் ஜூனில் தவறிவிட்டார். வாரிசு வேலைகள் முடியும்வரை ஒரு துப்பாக்கிக் கடைக்காரரின் பெட்டகத்தில் முறைப்படி ஒப்படைத்திருக்கிறோம். ஆகவே யாரும் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம், அது நடந்துகொண்டிருக்கிறது.

என் கேள்வி வேறு. ஆயா உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்த கதை இது. எங்கள் கொள்ளுத்தாத்தா 1899இல், போயர் போரின்போது, இங்கே நேட்டாலில் நடந்த கொலென்சோ சண்டையில் ஸ்ட்ரெச்சர் தூக்கப் போனார். அடிபட்ட ஒரு வெள்ளைக்கார ஆபீசரைத் தோளில் சுமந்து கொண்டுவந்து சேர்த்தார். அந்த ஆபீசர் தன் துப்பாக்கியை அவர் கையில் கொடுத்து, "இது இனி உன்னுடையது" என்றாராம். அந்தத் துப்பாக்கிதான் இது.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கரும்பு வெட்டும் கத்தி, மண்வெட்டி, ஆயாவின் தையல் மெஷின் ஆகியவற்றோடு இதுவும் மனைப்பலகையில் படுத்திருக்கும். சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ. வருஷா வருஷம் அதே இடத்தில் பொட்டு வைத்து வைத்து, பின்கட்டையும் இரும்பும் சேரும் கழுத்துப் பக்கத்தில் செங்கறுப்பாக ஒரு தடிப்பே படிந்துவிட்டது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மேலே ஒரு கிரீடம், அதற்கடியில் ஆங்கிலத்தில் பி.எஸ்.ஏ. என்று மட்டும் தெரிகிறது.

இன்னொரு சோகம். பதினைந்து வருஷத்துக்கு முன் மாமா இதை ஒரு கடையில் "புதுசு போல ஆக்கிக் கொடுங்கள்" என்று கொடுத்துவிட்டார். அவர்கள் கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துவிட்டார்கள். பின்முனைப் பித்தளைத் தகட்டைக் குத்துவிளக்கு போலப் பளபளப்பாக்கிவிட்டார்கள். அப்போது நாங்கள் எல்லோரும் கைதட்டினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எந்தப் படை, எந்தச் சண்டை, யார் கையில் இருந்தது, இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியுமா? அந்த ஆபீசரின் பெயர் கிடைத்தால் அம்மா சந்தோஷப்படுவார்.

#2 நெல்லைசீமை (ஜோஹானஸ்பர்க்)

பி.எஸ்.ஏ. சைக்கிள் கம்பெனியாச்சே! பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணியதற்கு எனக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது அதுதான். துப்பாக்கியும் செய்தார்களா?

#3 பழையஇரும்பு (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நெல்லை தம்பி, முதலில் துப்பாக்கி, அப்புறம்தான் சைக்கிள். பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பதன் சுருக்கம்தான் பி.எஸ்.ஏ. மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து வைத்த படம்தான் அவர்கள் சின்னம். இந்தியாவில் அந்தப் பெயரில் ஓடியது சென்னையில் செய்த சைக்கிள்.

கிளேர்வுட் தம்பிக்கு. அவசரப்பட்டு எதையும் தேய்க்காதீர்கள். கம்பி பிரஷ் வேண்டாம், உப்புத்தாள் வேண்டாம். பித்தளை தெரிகிறது என்று யாராவது புளி போட்டு விளக்கச் சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். ஒரு முத்திரையின் ஆழம் தலைமுடி அளவு. ஒருமுறை தேய்ந்தால் போனது போனதுதான்.

கடைக்காரர் முன்னிலையில் செய்யுங்கள். முதலில் தோட்டாக்கள் அடுக்கும் மேகசினைக் கழற்றி, தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று அவர் கண்ணாலும் விரலாலும் பார்க்கட்டும். இத்தனை வருஷம் சாமி அறையில் இருந்த துப்பாக்கி என்றாலும் இதை விடக்கூடாது. பிறகு குங்குமத் தடிப்பின் மேல் துப்பாக்கி எண்ணெய் நான்கு சொட்டு விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் பஞ்சால் ஒற்றி எடுங்கள். எழுத்தின் பள்ளத்துக்குள் இருப்பதை மட்டும் பல்குச்சியால், மரக் குச்சியால், கிளறுங்கள். ஊசி வேண்டாம்.

படம் எடுக்கும்போது ஃப்ளாஷ் போடாதீர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில், இரும்போடு இரும்பாகச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் நிழல் விழும். தேய்ந்த முத்திரைகூட அப்போது எழுந்து நிற்கும்.

கழுத்து வளையத்தின் வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டும் வேண்டும். குழலும், போல்ட் ஓடும் இரும்புப் பெட்டியும் சேரும் இடத்தில் மேலே ஒரு தட்டையான திட்டு இருக்கும், நாக்ஸ் ஃபார்ம் என்போம், அதன் எல்லாப் பக்கமும் வேண்டும். போல்ட் கைப்பிடியின் அடிப்பாகம், குறி பார்க்கும் பின்சைட்டின் அடிப்பக்கம், முன்மூக்குத் தொப்பியின் கீழ்ப்பக்கம், பின்கட்டையின் வலப்பக்கம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு டேப் எடுத்து மொத்த நீளத்தை அளந்து சொல்லுங்கள். அதிலேயே பாதிக் கதை முடிந்துவிடும்.

#4 ஆயாவீட்டுஅடுப்பு (டோங்காட்)

எங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லை, ஆனால் தாத்தாவின் கரும்புக் கத்திக்கு இதே கதி. பொட்டு வைத்த இடத்தில் மட்டும் துரு. ஈரச் சந்தனத்தை இரும்பில் வைத்துவிட்டு ஒரு வருஷம் துடைக்காமல் விட்டால் வேறென்ன ஆகும்? நல்ல வேளை, உங்கள் வீட்டில் கழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

#5 கிளேர்வுட்பேரன்

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். எண்ணெய் ஊறுகிறது. நீளம் 113 சென்டிமீட்டர். முன்மூக்கு சப்பையாக இருக்கிறது. குழலின் வாய் அதிலிருந்து ஒரு விரல்கடை அளவுகூட வெளியே வரவில்லை.

#6 லேடிஸ்மித்வாத்தியார் (லேடிஸ்மித்)

தம்பி, மனசைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

113 சென்டிமீட்டர், அதாவது 44.5 அங்குலம். சப்பை மூக்கு. இது ஷார்ட் லீ என்ஃபீல்ட். பெயரிலேயே 'குட்டை' இருக்கிறது. ஏன் அப்படி? அதற்கு முன்னால் காலாட்படைக்கு ஒரு நெட்டைத் துப்பாக்கியும் குதிரைப்படைக்கு ஒரு குட்டைக் கார்பைனும் தனித்தனியாக இருந்தன. இங்கே பிரிட்டிஷாரும் டச்சு வழி வெள்ளையரான போயர்களும் மோதிய போயர் போரில் இரண்டின் குறையும் தெரிந்தது. எல்லோருக்கும் பொதுவாக நடுத்தர நீளத்தில் ஒன்று செய்தார்கள். முதல் மாதிரி அங்கீகாரம் பெற்றது 1902 டிசம்பரில். அந்த வருஷம் மே மாதத்திலேயே போர் முடிந்துவிட்டது.

கொலென்சோ சண்டை 1899 டிசம்பர் 15. அன்று துகேலா ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் காலாட்படை வைத்திருந்தது நெட்டை லீ மெட்ஃபோர்டும் நெட்டை லீ என்ஃபீல்டும். 49.5 அங்குலம், உங்கள் டேப்பில் 126 சென்டிமீட்டர் காட்டும். எதிர்க்கரையில் போயர்கள் கையில் ஜெர்மன் மவுசர், அதுவும் நெட்டைதான். உங்கள் துப்பாக்கியின் அச்சே அன்றைக்கு உலகத்தில் இல்லை.

இன்னொன்று. பட்டாளத்துத் துப்பாக்கி அரசுச் சொத்து. சிப்பாயோ ஆபீசரோ அதை எடுத்து இன்னொருவருக்குப் பரிசாகக் கொடுத்தால் ராணுவ விசாரணைதான்.

#7 கிளேர்வுட்பேரன்

அப்படியானால் கொள்ளுத்தாத்தா போனதே பொய்யா? ஆயா பொய் சொல்லுகிறவர் இல்லை வாத்தியாரே.

#8 லேடிஸ்மித்வாத்தியார்

நான் அப்படிச் சொல்லவே இல்லை. துப்பாக்கி கொலென்சோவில் இல்லை என்றுதான் சொன்னேன். உங்கள் கொள்ளுத்தாத்தா இருந்திருக்கலாம்.

காந்தி சேர்த்த நேட்டால் இந்தியர் ஆம்புலன்ஸ் படையில் ஏறக்குறைய 1100 பேர். அதில் சுமார் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள், தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். நேட்டாலுக்கு வந்த கூலிகளில் மெட்ராஸ் கப்பலில் ஏறியவர்களே அதிகம். ஆகவே அந்த 800 பேரில் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் நிறையவே இருந்திருப்பார்கள். கொலென்சோவில் வேலை செய்தார்கள். அடுத்த மாதம் ஸ்பியன்காப் மலைச் சண்டையில் குண்டு விழும் எல்லைக்குள்ளேயே போய்த் தூக்கினார்கள். ஸ்ட்ரெச்சரோடு ஒரே நாளில் இருபது மைலுக்கு மேல் நடந்த நாட்கள் உண்டு. ஆனால் ஒருவர் கையிலும் துப்பாக்கி இல்லை. கொடுக்கவில்லை, கொடுக்க விருப்பமும் இல்லை. வெள்ளைக்காரர் சண்டையில் கறுத்தவன் கையில் ஆயுதம் கூடாது என்பது இரண்டு பக்கமும் பேசிக்கொண்ட கொள்கை. எங்கள் லேடிஸ்மித்தைப் போயர்கள் முற்றுகையிட்டிருந்தபோது பிரபு சிங் என்ற கூலி, புல்வானா மலையிலிருந்த போயர் பீரங்கி புகை கக்கும்போதெல்லாம் திறந்தவெளியில் நின்று ஊருக்கு எச்சரிக்கை கொடுத்தார். அவரிடமும் துப்பாக்கி கிடையாது.

இரண்டாம் உலகப் போரிலும் இங்கிருந்து போன இந்தியர்களை டிரைவர், சமையல்காரர், ஸ்ட்ரெச்சர் தூக்குபவர் என்றுதான் வைத்தார்கள்.

#9 நெல்லைசீமை

போரில் அடிபட்டவனைத் தூக்கப் போகிறவன் கையில் கம்பு மட்டும். யோசித்தால் துப்பாக்கி வைத்திருந்தவனைவிட இவனுக்குத்தான் நெஞ்சு உரம் வேண்டும்.

#10 கிளேர்வுட்பேரன்

இன்று முழுக்கக் கடையில்தான் இருந்தேன். குங்குமம் பஞ்சில் சிவப்பாகவே வந்தது. கடைசிப் பஞ்சு மட்டும் கறுப்பு. தெரிந்தவற்றை அப்படியே எழுதுகிறேன்.

வலப்பக்கம் மேலிருந்து கீழாக: கிரீடம், ஜி.ஆர்., பி.எஸ்.ஏ. கோ, 1917, அதற்கடியில் எஸ்.எச்.டி. எல்.ஈ., கடைசியாக மூன்று ரோமன் கோடும் ஒரு நட்சத்திரமும்.

இடப்பக்கம் குங்குமம் குறைவு. அங்கே ஆங்கில யூ எழுத்து, அதன் வயிற்றுக்குள் ஒரு அம்புக்குறி, கோழிக்கால் தடம் போல. அதே குறி குழலிலும் இருக்கிறது.

நாக்ஸ் ஃபார்மில் ஒரு பக்கம் 41 என்ற எண். குழலின் சீரியல் நம்பரும் பெட்டியின் சீரியல் நம்பரும் ஒன்று. போல்ட் கைப்பிடியில் இருப்பது வேறு நம்பர்.

பின்கட்டையின் வலப்பக்கம், நடுவில், ஐந்து ராண்ட் காசு அளவுக்கு வட்டமாக ஒரு மரத்துண்டு வைத்து அடைத்திருக்கிறது. வார்னிஷ் அடித்ததால் இத்தனை நாள் தெரியவில்லை.

1917 என்று பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. சரி, வாத்தியார் ஜெயித்தார்.

#11 பழையஇரும்பு

இதில் ஜெயிப்பதற்கு என்ன இருக்கிறது தம்பி. நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், படங்கள் அருமை. இப்போது ஒவ்வொன்றாகப் படிப்போம்.

ஜி.ஆர். என்றால் ஜார்ஜ் ரெக்ஸ், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். கம்பெனியும் வருஷமும் நீங்களே படித்துவிட்டீர்கள். எஸ்.எச்.டி. எல்.ஈ. என்பது வாத்தியார் சொன்ன ஷார்ட் லீ என்ஃபீல்ட். மூன்று கோடு நட்சத்திரம், அதுதான் மார்க் 3 ஸ்டார். மார்க் 3 வந்தது 1907இல். முதல் உலகப் போரில் மாதம் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டபோது, 'இது இல்லாவிட்டாலும் சுடும்' என்று தோன்றிய பாகங்களை எல்லாம் கழித்தார்கள். தூரத்துக் கூட்டத்தைப் பார்த்து மொத்தமாகச் சுடுவதற்கு இடப்பக்கம் ஒரு தனி சைட் இருந்தது, அது போயிற்று. மேகசினை மூடி ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுட வைக்கும் தகடு ஒன்று இருந்தது, அதுவும் போயிற்று. அப்படிக் கழித்த மாதிரிக்கு 1916 தொடக்கத்தில் நட்சத்திரம் சேர்த்தார்கள். அந்தச் சின்ன நட்சத்திரம் ஒரு சிக்கனக் குறி.

அந்தக் கழித்த சாமான்களில் ஒன்றுதான் உங்கள் கட்டையிலுள்ள வட்டத்தில் இருந்தது. பழைய கட்டைகளில் அந்த இடத்தில் ஒரு பித்தளை வில்லை பதித்திருப்பார்கள். படைப்பிரிவின் எழுத்தும் அந்தப் பிரிவு கொடுத்த எண்ணும் அதில் வெட்டியிருக்கும். ஒரு துப்பாக்கியின் முகவரியே அதுதான். போர்க்காலத்தில் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஆக 1917இல் செய்த துப்பாக்கியில் வில்லைக்குக் குடைந்த கட்டை இருந்தால், அந்தக் கட்டை பெரும்பாலும் இன்னொரு பழைய துப்பாக்கியிலிருந்து வந்தது. உடைந்ததைக் கழற்றி இருந்ததை மாட்டியிருக்கிறார்கள். மரத்தை வைத்து வரலாறு சொல்லக்கூடாது என்று நான் அடிக்கடி சொல்வது இதனால்தான். மரம் வீடு மாறும்.

இப்போது முக்கியமான குறி. அம்புக்குறி தனியாக இருந்தால் பிரிட்டிஷ் அரசுச் சொத்து. ஆங்கில சி எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. அம்போடு ஐ எழுத்து இருந்தால் இந்தியா. இரண்டு பக்கமும் டி எழுத்து, நடுவில் அம்பு என்றால் ஆஸ்திரேலியா. யூ எழுத்துக்குள் அம்பு, அது நம் ஊர். யூனியன் ஆஃப் சவுத் ஆஃப்ரிக்கா. 1910இல் யூனியன் அமைந்தது, 1912 சட்டத்தில் யூனியன் டிஃபன்ஸ் ஃபோர்ஸ் உருவானது. அந்தப் படை தன் கணக்கில் ஏற்றிக்கொண்ட துப்பாக்கி இது.

41 என்பது குழலின் வயது. துப்பாக்கிக்கு 1917, குழலுக்கு 1941. குழல் தேய்ந்தோ அரித்தோ போய், இரண்டாம் உலகப் போர் சமயத்திலோ அதற்குப் பிறகோ ஒரு பட்டறையில் புதுக் குழல் முறுக்கி, பெட்டியின் சீரியல் நம்பரையே அதில் குத்தியிருக்கிறார்கள். ஒழுங்கான ராணுவப் பட்டறை வேலை. இதிலிருந்து ஒன்று நிச்சயம்: 1941இலோ அதற்குப் பிறகோகூட யாரோ இதை வேலைக்கு உதவும் துப்பாக்கி என்று நினைத்துச் செலவு செய்திருக்கிறார்கள். கழித்துக் கட்டவில்லை.

போல்ட் நம்பர் ஒத்துப்போகாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ரகத்தில் போல்ட்டை ஒவ்வொரு பெட்டிக்கும் பொருத்திப் பார்த்துத்தான் நம்பர் குத்துவார்கள். பல துப்பாக்கிகளை ஒன்றாகக் கழுவிவிட்டு யாரோ மாற்றி மாட்டியிருப்பார்கள். எந்தப் பட்டாளத்திலும் நடக்கிற கூத்துதான். ஆனால் போல்ட்டுக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே இடைவெளி கூடியிருந்தால், சுடும்போது பித்தளைக்கூடு பிய்ந்து வாயு முகத்துக்கு வரும். அந்த இடைவெளியை ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைத்து அளக்காமல் யாரும் சுட வேண்டாம்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். எங்கேயாவது டி.பி. என்று பெரிதாகக் குத்தியிருக்கிறதா? டிரில் மட்டும், சுடாதே என்று அர்த்தம். இ.ஒய். என்று இருக்கிறதா? அது கையெறி குண்டு வீச ஒதுக்கிய துப்பாக்கி, குழல் நிறைய அடி வாங்கியிருக்கும். மூன்றாவது, பெட்டியிலும் போல்ட்டிலும் கிரீடத்துக்கு அடியில் குறுக்காக இரண்டு கொடிகள் இருக்கிறதா? அது அதிக அழுத்தத் தோட்டா போட்டுச் சோதித்ததற்கான முத்திரை.

#12 நெல்லைசீமை

இருங்கள் இருங்கள். முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு நம் பாளையங்கோட்டை ரெஜிமென்ட் வந்ததாகப் படித்திருக்கிறேன். 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. அங்கே ஜெர்மன்காரர் வசமிருந்த டாங்காவில் நடந்த சண்டையில் இருந்தார்கள். அவர்கள் விட்டுச் சென்ற துப்பாக்கி தெற்கே வந்திருக்கக் கூடாதா? ஒரு தமிழ்ச் சிப்பாய் கையிலிருந்து ஒரு தமிழ் வீட்டுக்கு! எனக்கு இப்போதே புல்லரிக்கிறது.

#13 லேடிஸ்மித்வாத்தியார்

புல்லரிப்பதெல்லாம் சரி. டாங்கா சண்டை 1914 நவம்பர். துப்பாக்கி பிறந்தது 1917. அங்கே விட்டுச் சென்ற துப்பாக்கிகளை ஜெர்மன்காரன் பொறுக்கிக்கொண்டான், நமக்கு விடவில்லை.

#14 பழையஇரும்பு

இந்தியப் படையிடம் இருந்ததா என்று பார்க்க வழி உண்டு. அம்பும் ஐ எழுத்தும் இருக்க வேண்டும். இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்ததாக இருந்தால் ஜி.ஆர். என்பதோடு ஐ சேர்ந்து ஜி.ஆர்.ஐ. என்று இருக்கும், இந்தியாவின் சக்கரவர்த்தி அல்லவா. முன்கட்டை வெடிக்காமலிருக்க அங்கே குறுக்காக ஒரு திருகாணியும் போடுவார்கள். தம்பியின் படங்களில் இதில் எதுவும் இல்லை. நெல்லை தம்பி மன்னிக்க.

#15 நெல்லைசீமை

என் ரெஜிமென்டை இரண்டே பதிவில் கலைத்துவிட்டீர்கள்.

#16 கிளேர்வுட்பேரன்

டி.பி. இல்லை. இ.ஒய். இல்லை. குறுக்குக் கொடி பெட்டியிலும் குழலிலும் இருக்கிறது, போல்ட்டிலும் மங்கலாக இருக்கிறது.

யூ அம்பு பற்றி ஒன்று. வார்னிஷுக்கு அடியில் கட்டையிலும் அதே வடிவம் நிழலாகத் தெரிகிறது என்று கடைக்காரர் காட்டினார். தேய்த்தவர்கள் மட்டும் இன்னும் ஒரு கை தேய்த்திருந்தால் அதுவும் போயிருக்கும். அந்தக் கடைக்கு மாமா கொடுத்த காசை நினைத்தால் வயிறு எரிகிறது.

சீரியல் நம்பர் இருக்கிறதே, அதை வைத்து 1917இல் எந்தச் சிப்பாய்க்குக் கொடுத்தார்கள் என்று தேட முடியாதா? ஜோஹானஸ்பர்க் சாக்ஸன்வோல்டில் ராணுவ மியூசியம் இருக்கிறதே, எழுதிக் கேட்கவா?

#17 பழையஇரும்பு

மியூசியத்துக்குத் தாராளமாக எழுதுங்கள். யூ அம்பு ரகங்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். படங்களை அனுப்பினால் பட்டறை முத்திரைகளைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனால் பெயர் கேட்காதீர்கள். இந்தச் சீரியல் நம்பர் இந்தச் சிப்பாய்க்கு என்று சேர்த்து வைத்த பொதுப் பதிவேடு பிரிட்டிஷ் முறையில் கிடையாது. துப்பாக்கி பிரிவுக்குப் போகும், பிரிவின் கிடங்குக்காரர் தன் நோட்டில் எழுதுவார், சிப்பாய் இறந்தாலோ மாறினாலோ அது அடுத்தவன் கைக்குப் போகும். நோட்டு முடிந்ததும் குப்பை. ஒரே சண்டையில் ஒருவன் மூன்று துப்பாக்கி மாற்றியதும் உண்டு.

1917இலிருந்து யூ முத்திரை விழும்வரை இது எங்கே இருந்தது, ஃபிரான்ஸ் சேற்றிலா, கிடங்கில் கிரீஸ் பூசியபடியா, அதை இரும்பு சொல்லாது. யாராவது, ஃபிரான்ஸில் தென்னாப்பிரிக்கப் படை போரிட்ட டெல்வில் காட்டுச் சண்டையில் இருந்தது என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்து விற்க வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். அந்தச் சண்டை 1916 ஜூலை. இப்படிச் சான்றிதழோடு வந்த 1918 துப்பாக்கி ஒன்றை நானே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன், அதனால் தெரியும்.

பின்முனைப் பித்தளைத் தகடு மேலே கட்டையின் மீது ஒரு நாக்கு போல மடிந்திருக்கும். பிரிவின் எழுத்துகள் அங்கே குத்தியிருக்க வாய்ப்பு உண்டு. பளபளப்பாக்கிவிட்டார்கள் என்றாலும் ஒருமுறை மெல்லிய தாளை வைத்து, மேலே பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது தாளில் வரும்.

#18 ஆயாவீட்டுஅடுப்பு

நீங்கள் எல்லோரும் இரும்பையே பார்க்கிறீர்கள். எனக்கு ஒரு கேள்வி. இந்தத் துப்பாக்கி தம்பி வீட்டுக்கு எப்போது வந்தது? ஆயா சொன்னதைக் கேட்டாயிற்று. அம்மாவைக் கேட்டீர்களா தம்பி? பூஜைப் பலகையில் அதை முதலில் எப்போது பார்த்தார் என்று கேளுங்கள். "எப்போதும் இருந்தது" என்பார். விடாதீர்கள். எந்த வீட்டில், எந்த அறையில், பலகைக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். எங்கள் குடும்பக் கதைகளை நான் இப்படித்தான் பிரித்தேன்.

#19 கிளேர்வுட்பேரன்

அக்கா, உங்களுக்கு ஒரு கும்பிடு.

அம்மா முதலில் "எப்போதும் இருந்ததுதான்" என்றார். கிளேர்வுட் வீட்டு ஆயுத பூஜையைச் சொல்லச் சொன்னேன். தகரக் கூரை, முன்னறை, பலகையில் கத்தி, மண்வெட்டி, தையல் மெஷின், தாத்தாவின் லாரிச் சாவி. சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். "அங்கே துப்பாக்கி இல்லையே" என்றார். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் எங்களைக் காலி செய்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிய பிறகுதான், அந்த வீட்டின் சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்த ஞாபகம் வருகிறதாம். தாத்தா நேட்டாலின் வடக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் லாரி ஓட்டினார். ஓய்வு பெற்ற சமயம் அது.

இதற்குப் பிறகுதான் மாமி மாமாவின் பிஸ்கட் டின்னைத் திறந்தார். வீட்டு வரி ரசீதுகளுக்கு நடுவே தாத்தா பெயரில் ஒரு பழைய லைசன்ஸ் தாள். வருஷம் 1974. .303 ரைஃபிள், சீரியல் நம்பர் டைப் அடித்திருக்கிறது, பெட்டியில் உள்ள நம்பரேதான். அதோடு குண்டூசி குத்திய ஒரு சின்னக் கடிதம். தோட்டத்து மேனேஜர் தன்னிடமிருந்த ரைஃபிளை, நீண்ட காலம் வேலை பார்த்த டிரைவருக்குக் கொடுப்பதாக இரண்டே வரி.

ஆக ஒரு வெள்ளைக்காரர் கையில் எடுத்துக் கொடுத்தார் என்பது உண்மை. ஆபீசர் இல்லை, மேனேஜர். கொள்ளுத்தாத்தாவுக்கு இல்லை, தாத்தாவுக்கு. ஸ்ட்ரெச்சர் இல்லை, கரும்பு லாரி. ஆயா இரண்டு பேரையும் ஒன்றாக்கிவிட்டார்.

#20 ஆயாவீட்டுஅடுப்பு

ஆயாவைக் குறை சொல்லாதீர்கள். மாமனார் கதையும் புருஷன் துப்பாக்கியும் ஒரே வீட்டில் இருந்தால் எந்த மருமகளும் முடிச்சுப் போடுவாள்.

கொள்ளுத்தாத்தாவைத் தேட வேண்டுமானால் டர்பனில் 1860 ஹெரிடேஜ் சென்டருக்குப் போங்கள். கப்பல் பட்டியல் நகல்கள் பார்க்கலாம். அவருடைய கூலி நம்பர் தெரிந்தால் கிராமம், தகப்பன் பெயர், எந்தத் தோட்டத்துக்கு ஒதுக்கினார்கள் என்பதெல்லாம் கிடைக்கும். சிப்பாய்க்கு இல்லாத பதிவேடு கூலிக்கு இருக்கிறது பாருங்கள்.

#21 லேடிஸ்மித்வாத்தியார்

மேனேஜர் கையில் ராணுவ முத்திரைத் துப்பாக்கி எப்படி என்று தம்பி கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். 1912 சட்டத்தின் கீழ் டிஃபன்ஸ் ரைஃபிள் அசோசியேஷன் என்று ஊருக்கு ஊர் சங்கங்கள் வைத்தார்கள். பின்னாளில் அவையே கமாண்டோ என்ற உள்ளூர்ப் படைகள் ஆயின. வெள்ளைக்கார விவசாயிகளும் தோட்டக்காரர்களும் அதில் உறுப்பினர்கள், சுட்டுப் பழகுவார்கள். அந்த வழியாக வந்திருக்கலாம், படை பழையதைக் கழித்து விற்றபோது வாங்கியதாகவும் இருக்கலாம். கடிதத்தில் வேறு எதுவும் எழுதியிருக்கிறதா?

#22 கிளேர்வுட்பேரன்

இரண்டு வரிதான் வாத்தியாரே. கையெழுத்தும் புரியவில்லை.

கடைக்காரர் கேஜ் வைத்துப் பார்த்தார். போல்ட் மூடக்கூடாத கேஜில் மூடிவிட்டது. சுடக்கூடாது என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிட்டார். என் தம்பி லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கிறான். கிடைக்காவிட்டால் முறைப்படி செயலிழக்கச் செய்து வைத்துக்கொள்ளலாமா என்று அம்மா கேட்கிறார். இந்த வருஷ ஆயுத பூஜைக்கு அது கடைப் பெட்டகத்தில்தான் இருக்கும். பலகையில் அந்த இடத்தில் தாத்தாவின் லாரிச் சாவியை வைக்கச் சொல்லியிருக்கிறார்.

பழையஇரும்பு ஐயா, பென்சில் தாள் படம் இணைத்திருக்கிறேன். எழுத்துகள் எல்லாம் போய்விட்டன, ஒரு வளைவு மட்டும் தெரிகிறது. அதற்கடியில் 214 என்று தெளிவாக வந்திருக்கிறது. இது சிப்பாயின் நம்பரா?

#23 பழையஇரும்பு

இல்லை தம்பி. பிரிவு தன் துப்பாக்கிகளுக்குப் போட்ட வரிசை எண் அது. கிடங்கில் துப்பாக்கி அடுக்கும் தாங்கியில் 213க்கும் 215க்கும் நடுவில் நின்றிருக்கிறது. வளைவு இருக்கும் இடத்தை டார்ச் சாய்த்து இன்னொரு படம் எடுங்கள், அது எந்த எழுத்து என்று பார்ப்போம்.